தனம், தனலட்சுமி, எட்டு மாதம்

2025 தைப்பூசத்தன்று காலை, நைட் டூட்டி முடித்து வீட்டுக்கு வந்து குளிக்கப் போன மனிதர் பாத்ரூம் வாசலிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயது 55. 1988-இல் பட்டாளத்தில் சேர்ந்து, 17 வருடம் சர்வீஸ் பார்த்து, 2005-இல் நாயக் ரேங்கில் வெளியே வந்தவர். சொந்த ஊர் வேலூர் பக்கம், குடியிருப்பு அம்பத்தூர். கடைசிப் பல வருடங்களாக டெக்ஸ்கோ என்கிற முன்னாள் படைவீரர் கழகம் மூலம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் செக்யூரிட்டி. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், வேறு ரெஜிமென்ட்டாக இருந்தாலும்.

நானும் பட்டாளம்தான், 24 வருடம், கிளார்க். ஹவில்தாராக வெளியே வந்தேன். அதனால் ஏரியாவில் யாருக்காவது பென்ஷன் பேப்பர், கேன்டீன் கார்டு, இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை என்று எது வந்தாலும் கடைசியில் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அண்ணன் மனைவியின் ஃபேமிலி பென்ஷன் கேஸும் அப்படித்தான் வந்தது, ஆனால் மூன்று மாதம் கழித்து வந்தது. அந்த மூன்று மாதத்தில் என்ன நடந்தது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை அண்ணியிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். மாற்றிய பெயரிலும் அதே சிக்கல் இருக்கும்படி பார்த்து மாற்றியிருக்கிறேன்.

சாவு வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டது குழப்பம். "மிலிட்டரிக்காரர் இல்லையா, கவர்மென்ட்ல லட்சக்கணக்குல வரும்மா, கவலைப்படாதே" என்று யாரோ சொல்ல, வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். அந்த லட்சங்கள் சண்டையிலோ பணியிலோ இருக்கும்போது உயிர்விட்டவர்களின் குடும்பத்துக்கு. போரில் போனால் கடைசிச் சம்பளம் முழுவதுமே குடும்ப ஓய்வூதியம், பணி காரணமாகப் போனால் அதில் 60 சதவீதம். ஓய்வு பெற்று 20 வருடம் கழித்து மாரடைப்பில் போனால் சாதாரண ஃபேமிலி பென்ஷன், அவ்வளவுதான். இதைத் துக்க வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன், ஏனென்றால் "தானாக வரும்" என்ற நினைப்பில்தான் அவர்கள் முதல் சில வாரம் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு காரியம் மட்டும் அன்றைக்கு உருப்படியாக நடந்தது. மயானத்தில் படிவம் நிரப்பும்போது பையன் அப்பாவை எல்லாரும் கூப்பிடும் சுருக்கப் பெயரை எழுதப் போனான், நான் கையைப் பிடித்து நிறுத்தி, பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆணையில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்து மாறாமல், எழுதச் சொன்னேன். பட்டாளத்தில் இனிஷியல் பழக்கம் கிடையாது, நம் ஊரில் இனிஷியல் இல்லாமல் ஆளே கிடையாது, இந்த ஒரு புள்ளியில் எத்தனை குடும்பம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். மாநகராட்சி இறப்புச் சான்றிதழ் சில நாளில் ஆன்லைனில் வந்துவிட்டது, பைசா செலவில்லாமல் டவுன்லோடு செய்து கொண்டோம். இந்த முழுக் கதையிலும் சிக்கல் இல்லாமல் நடந்த காரியம் அது ஒன்றுதான்.

அடுத்து அவர்கள் போனது பேங்குக்கு. இதுதான் முதல் தப்பு, ஆனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் பென்ஷனைக் கணக்குப் போட்டுக் கொடுத்ததே பேங்க்தான். ஆள் இறந்தால் மனைவி பி.பி.ஓ.வையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போவார், அங்கேயே ஃபேமிலி பென்ஷன் தொடங்கிவிடும். இப்போது அப்படி இல்லை. ஸ்பர்ஷ் என்கிற பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் முறை வந்த பிறகு பழைய பென்ஷன்தாரர்களையும் படிப்படியாக அதற்குள் இழுத்துவிட்டார்கள், எல்லாவற்றையும் பிரயாக்ராஜில் இருக்கும் பாதுகாப்புக் கணக்குத் துறை அலுவலகம் பார்க்கிறது, பேங்க் என்பது பணம் வந்து விழும் உண்டியல் மட்டும்தான். அந்தக் கிளையில் இருந்த பிள்ளைக்கு இது தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். "வாரிசு சான்றிதழ் எடுத்துட்டு வாங்க மேடம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எழுதி எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அண்ணி மார்ச் முழுக்க, ஏப்ரல் முழுக்க அந்தக் கிளைக்கு நடந்தார்.

இதற்கிடையில் அண்ணன் பெயரில் மார்ச், ஏப்ரல் மாத பென்ஷன் வழக்கம்போல அக்கவுண்டில் வந்து விழுந்துகொண்டே இருந்தது. ஜாயின்ட் அக்கவுண்ட், ஏ.டி.எம். கார்டு பையன் கையில். "அதான் பென்ஷன் வருதே" என்று எடுத்துச் செலவு செய்துவிட்டார்கள். இறந்தவர் பென்ஷன் இறந்த நாளோடு நின்றுவிட வேண்டும், அதற்கு மேல் வந்த ஒவ்வொரு ரூபாயும் திருப்பி எடுக்கப்படும். அவர்கள் அதிர்ஷ்டம், பின்னால் வந்த அரியரில் கழித்துக்கொண்டார்கள். அரியர் வராமல் போயிருந்தால் கையிலிருந்துதான் கட்டியிருக்க வேண்டும்.

மே மாதம் பையன் என்னிடம் வந்தான். அன்று மாலையே ஸ்பர்ஷ் தளத்தில் இறப்பைப் பதிவு செய்தோம். அதற்கு லாகின்கூடத் தேவையில்லை, முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பி.பி.ஓ. எண், இறப்புச் சான்றிதழ், அண்ணியின் ஆதார், பான், பேங்க் விவரம். மனைவி பெயர் பி.பி.ஓ.வில் சரியாக இருந்தால் இத்தோடு வேலை முடிந்தது, ரெஜிமென்ட்டின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் வரைக்கும் போக வேண்டியதே இல்லை. நான் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு வாரத்தில் முடியும் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெயர் பொருந்தவில்லை, பிறந்த தேதி பொருந்தவில்லை.

பி.பி.ஓ.வில் அண்ணியின் பெயர் தனம். பிறந்த தேதி 1 ஜூலை 1975. ஆதாரிலும் பானிலும் தனலட்சுமி, பிறந்த தேதி 1976 டிசம்பரில் ஒரு நாள். ஸ்கூல் டி.சி.யிலும் தனலட்சுமிதான். மொத்த உலகத்துக்கும் அவர் தனலட்சுமி, இந்திய ராணுவத்துக்கு மட்டும் தனம்.

இது எப்படி நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது, எனக்கு நன்றாகப் புரியும், ஏனென்றால் இந்த வேலையை நானே செய்திருக்கிறேன். ஒரு ஜவான் லீவில் போய்க் கல்யாணம் செய்துகொண்டு யூனிட்டுக்குத் திரும்புவான். கல்யாணத்தைப் பதிவு செய்ய பார்ட் டூ ஆர்டர் போட வேண்டும், கம்பெனி ஆபீஸுக்கு வருவான். 1990-களில் கல்யாணப் பதிவுச் சான்று யாரிடம் இருந்தது? பத்திரிகையை எடுத்துக்கொண்டு வந்தாலே பெரிய விஷயம். "பொண்டாட்டி பேரு?" "தனம் சார்." வீட்டில் கூப்பிடுகிற பெயர்தான் அவன் வாயில் வரும். "பொறந்த தேதி?" விழிப்பான். "இருபது இருக்கும் சார்." அன்றைக்கு இன்னும் நாற்பது பேப்பர் டேபிளில் கிடக்கும், மாலைக்குள் மேலே அனுப்ப வேண்டும், உத்தேசமாக வருடத்தைக் கழித்து, முன்னால் 1 ஜூலை என்று போட்டுவிடுவோம். ஏன் ஜூலை 1 என்றால் வருடத்தின் நடு, எப்படிப் பார்த்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் தப்பு வராது என்று எனக்கு முன்னால் இருந்த கிளார்க் சொல்லிக் கொடுத்தார். கையெழுத்துப் போடுடா என்றால் அவனும் போட்டுவிட்டு கேன்டீனுக்குப் போவான். அந்தப் பையன்கள் எத்தனை பேருக்கு நான் ஜூலை 1 எழுதினேன் என்று எண்ணிப் பார்த்தால் ராத்திரி தூக்கம் வராது. அண்ணனின் பேப்பரை எழுதியது நான் இல்லை, வடக்கே எங்கேயோ இருந்த வேறு யூனிட், வேறு கிளார்க். ஆனால் அந்த 1 ஜூலை 1975-ஐப் பார்த்த உடனே, பழக்கமான கையெழுத்தைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்து என்னுடைய டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துப் பார்த்தேன். பெயர் சரி. பிறந்த தேதியில் மாதமும் நாளும் இடம் மாறியிருந்தது. மறுநாளே திருத்த விண்ணப்பம் போட்டேன். நான் உயிரோடு இருப்பதால் அது வெறும் பேப்பர் வேலை, நான் போன பிறகு என் மனைவி போட்டால் அது வழக்கு.

சரி, தனம் கதைக்கு வருவோம். பெயரைத் திருத்தும் அதிகாரம் ஸ்பர்ஷுக்கும் இல்லை, பேங்குக்கும் இல்லை, கலெக்டருக்கும் இல்லை. அந்த ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸ் திருத்தி, அவர்கள் சொன்ன பிறகு பிரயாக்ராஜில் திருத்திய பி.பி.ஓ. போடுவார்கள். ரெக்கார்ட் ஆபீஸ் என்பது ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்கும் ஒவ்வொரு ஊர். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூர் பக்கம் வெலிங்டன், பஸ் பிடித்துப் போய்விடலாம், தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஆர்ட்டிலரி என்றால் நாசிக். அண்ணனுடையதும் அப்படி ஒரு வடக்கத்திய ஊர். அண்ணி தனியாக அங்கே போய் நிற்க முடியாது. இந்த இடத்தில்தான் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வருகிறது. பழைய ஆட்கள் இன்னும் சைனிக் போர்டு என்றுதான் சொல்வார்கள். அந்த அலுவலகம் பென்ஷன் கொடுக்காது, கொடுக்கவும் முடியாது, அது மாநில அரசுத் துறை. ஆனால் நம் ஆவணத்தைச் சரிபார்த்து, மேலொப்பம் போட்டு, தன் கடிதத்தோடு ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பினால் அந்தக் கவருக்கு இருக்கும் மரியாதை நாம் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பும் கவருக்குக் கிடையாது. முதல் நாளே போயிருக்க வேண்டிய வாசல் அது. அவர்கள் ஐந்தாவது மாதம் போனார்கள்.

போனதும் நேராகப் போகவில்லை. பையன் ஆதாரைப் பார்த்திருக்கிறான், முகவரியில் அம்பத்தூர், திருவள்ளூர் மாவட்டம் என்று இருக்கிறது, ரயில் ஏறித் திருவள்ளூருக்கே போய்விட்டான். அம்பத்தூர் மாநகராட்சியோடு 2011-இலேயே சேர்ந்துவிட்டது, ஆனால் மாவட்டம் மாறியது 2018-இல். ஆதாரை யார் மாற்றினார்கள்? அங்கே பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் சென்னை மாவட்டம் தம்பி என்று திருப்பி அனுப்பினார்கள். (ஆவடிக்காரர்கள் கவனிக்க, நீங்கள் இன்னும் திருவள்ளூர்தான். தாம்பரம் என்றால் செங்கல்பட்டு. பேச்சில் எல்லாமே சென்னைதான், கோப்பில் இல்லை.) அப்புறம் சென்ட்ரலில் இறங்கி, நேரு ஸ்டேடியம் பக்கம் ராஜா முத்தையா சாலையில் இருக்கும் அலுவலகத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தால் அண்ணன் பெயரே இல்லை. 2005-இல் வெளியே வந்ததும் சொந்த ஊர் என்று வேலூரில் பதிவு செய்திருக்கிறார், இருபது வருடமாக அம்பத்தூரில் இருந்தும் மாற்றவே இல்லை. என்ன தேவை வந்தது அவருக்கு, மாற்றுவதற்கு? பெரம்பூரில் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் அலுவலகத்தில் பதிவை மாற்றிக் கொண்டுவர இன்னொரு பத்து நாள். அந்த அலைச்சலில் அண்ணி ஒன்று சொன்னார். "உயிரோட இருக்கும்போது ஒரு நாள் லீவு போட்டு இதெல்லாம் பண்ணியிருந்தா என்னவாம் இந்த மனுஷனுக்கு?" கோபமாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆவணங்கள் தேட அவர்கள் வீட்டுக்குப் போனோம். கட்டிலுக்கு அடியில் கறுப்பு டிரங்குப் பெட்டி, மேலே வெள்ளை பெயின்ட்டில் ஆர்மி நம்பர், ரேங்க், பெயர். ரேங்க் இருந்த இடத்தில் சிப்பாய் என்று இருந்ததை அடித்து லான்ஸ் நாயக், அதையும் அடித்து நாயக். இருபது வருடமாக அதில் கம்பளிதான் இருக்கிறது என்று அண்ணி நினைத்துக்கொண்டிருந்தார். கம்பளிக்கு அடியில் பாலித்தீன் கவர், கவருக்குள் டிஸ்சார்ஜ் புக், பழைய பி.பி.ஓ., கல்யாணப் பத்திரிகை, ஆர்மி குரூப் இன்ஷூரன்ஸின் ஒரு சான்றிதழ். அந்தக் கடைசிக் காகிதம் என்னவென்றே யாருக்கும் தெரியவில்லை. வெளியே வரும்போது கிடைக்கும் இன்ஷூரன்ஸ் பணத்தில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு, ஓய்வுக்குப் பிறகும் பல வருடத்துக்கு நீட்டித்துத் தரும் காப்பீடு அது. காலம் முடிவதற்குள் ஆள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் உண்டு. கேட்டால்தான் உண்டு. இந்தக் காகிதம் கிடைக்கவில்லை என்றால் நானே அதை மறந்திருப்பேன். அந்தக் கோரிக்கையையும் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகவே சேர்த்து அனுப்பினோம்.

பத்திரிகையில் என்ன போட்டிருந்தது தெரியுமா? சௌபாக்கியவதி தனலட்சுமி என்கிற தனம். அந்த "என்கிற" மட்டும் இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் இழுத்திருக்கும். நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம், ஸ்கூல் டி.சி., ஆதார், பான், பத்திரிகையின் நகல், நல அலுவலகத்தின் கடிதம், எல்லாம் சேர்ந்து ஜூன் கடைசியில் கிளம்பியது.

வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, ஆர்.ஐ. வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்து, தாசில்தார் கையெழுத்தோடு வந்தது. அதில் அண்ணி, பையன், பெண், அப்புறம் ஊரில் இருக்கும் அண்ணனின் அம்மா. அம்மா பெயர் எதற்கு என்று பையன் கேட்டான். மகனுக்கு அம்மாவும் வாரிசுதான்டா என்றேன். ஃபேமிலி பென்ஷனுக்கு இந்தச் சான்றிதழ் பெரிதாகத் தேவைப்படவே இல்லை, பேங்க்காரர் சொன்னதற்காகத்தான் ஓடினார்கள். ஆனால் வீணாகவும் போகவில்லை, காரணம் சொல்கிறேன்.

ரெக்கார்ட் ஆபீஸ் பதிலுக்குக் காத்திருந்த ஜூலை மாதத்தில் ஒரு நாள், பையனிடம் சும்மா கேட்டேன், அப்பாவுக்கு பி.எஃப். பிடித்தார்களா? பிடித்திருக்கலாம் என்றான். டெக்ஸ்கோ வேலைக்கும் பி.எஃப். உண்டு என்பது அந்த வீட்டில் யார் மண்டையிலும் உறைக்கவில்லை. பட்டாளத்துக்காரர் குடும்பம், எல்லாமே மிலிட்டரியிலிருந்துதான் வர வேண்டும் என்ற எண்ணம். இறந்த அன்று வரைக்கும் அவர் வேலையில் இருந்திருக்கிறார், அதுவும் 58 வயதுக்கு முன்னால். அப்படியென்றால் மூன்று விஷயம் இருக்கிறது. சேர்ந்திருக்கும் பி.எஃப். பணம் ஒன்று. பி.எஃப்.போடு சேர்ந்த இ.பி.எஸ். திட்டத்தில் விதவைக்கு மாத ஓய்வூதியம் ஒன்று, சிறிய தொகைதான், ஆனால் ராணுவ ஃபேமிலி பென்ஷன் வாங்குகிறார் என்பதற்காக இதை நிறுத்த மாட்டார்கள். மூன்றாவது இ.டி.எல்.ஐ. காப்பீடு, தொழிலாளி ஒரு பைசாகூடக் கட்டாமல் நிர்வாகம் மட்டும் கட்டுவது, வேலையில் இருக்கும்போது இறந்தால் அதிகபட்சம் 7 லட்சம் வரை. சாவு வீட்டில் சொன்ன "லட்சம்" கடைசியில் வந்தது இந்த வாசல் வழியாக, பட்டாளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்றுக்கும் சேர்த்து ஒரே படிவம்தான். அண்ணன் ஆன்லைனில் நாமினி போடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது, அங்கே கைகொடுத்தது அந்த வாரிசு சான்றிதழ். இந்தப் பி.எஃப். பணம்தான் ராணுவ பென்ஷனுக்கு முன்னாடியே, ஆகஸ்டில், கைக்கு வந்தது. அதுவரை வீட்டை ஓட்டியது அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் பையனின் சம்பளமும், அண்ணியின் இரண்டு வளையலும்.

முன்னாள் வீரர்கள் பலரும் இரண்டாவது வேலையில் இருப்பவர்கள்தான், கடையில், பேங்கில், ஏ.டி.எம்.மில், ஆஸ்பத்திரியில். அந்த வேலையை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை, சும்மா செக்யூரிட்டி என்கிறார்கள். சும்மா செக்யூரிட்டி வேலைக்கும் சட்டப்படி பி.எஃப்., காப்பீடு எல்லாம் இருக்கிறது, உங்கள் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண் மனைவிக்குத் தெரியுமா என்று இன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள்.

செப்டம்பரில் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து திருத்தம் போனது, அக்டோபரில் திருத்திய பி.பி.ஓ. வந்தது, அதே மாதக் கடைசியில் பிப்ரவரி 12 முதலான அரியரோடு பணம் விழுந்தது. எவ்வளவு என்பதில் ஒரு நல்ல செய்தி இருந்தது. சாதாரண ஃபேமிலி பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், 9,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, அதற்கு மேல் பஞ்சப்படி. ஆனால் ஓய்வு பெற்றவர் 67 வயதுக்கு முன்னால் இறந்தால், ஏழு வருடத்துக்கோ அல்லது அவருக்கு 67 ஆகியிருக்கக்கூடிய நாள் வரைக்குமோ, எது முந்துகிறதோ அதுவரை உயர்ந்த விகிதம், அதாவது 50 சதவீதம், அவர் வாங்கிய பென்ஷனைத் தாண்டாமல். அண்ணன் 55-இல் போனதால் முழு ஏழு வருடமும் கிடைக்கும், 2032 பிப்ரவரி வரை. கிட்டத்தட்ட அவர் வாங்கிய தொகையே. அண்ணியிடம் இந்த வருடத்தைக் காலண்டர் அட்டையில் எழுதி வைக்கச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, ஏழாவது வருடம் பென்ஷன் திடீரென்று குறைந்ததும் யாரோ திருடுகிறார்கள் என்று பேங்கில் சண்டை போட்டுவிட்டு வந்தார், அவருக்கு யாரும் முன்னாடியே சொல்லவில்லை.

இ.சி.எச்.எஸ். கதை சின்னது. ஃபேமிலி பென்ஷன் ஆர்டர் வந்த பிறகுதான் அண்ணி பெயரில் புது அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். பெண் கல்யாணம் ஆகும் வரை அல்லது சம்பாதிக்கும் வரை அதில் இருக்கலாம், பையன் 25 தாண்டிவிட்டதால் இல்லை. கேன்டீன் கார்டும் அதே மாதிரி. அண்ணிக்குக் கேன்டீன் கார்டில்தான் முதல் அக்கறை, அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. மாதம் ஒரு தடவை இரண்டு பேரும் வண்டியில் போய்ச் சோப்பும் எண்ணெயும் வாங்கி வருவதுதான் அவர்கள் ஊர் சுற்றியது.

பெண் பி.காம். 2025-இல் முடித்தாள். பிரதமர் ஸ்காலர்ஷிப் என்று ஒன்று இருக்கிறது, பெண்களுக்கு மாதம் 3,000, பையன்களுக்கு 2,500, ஆனால் அது இன்ஜினியரிங், மருத்துவம், பி.எட். மாதிரி தொழில் படிப்புக்கு மட்டும். பி.காமுக்கு இல்லை. அவளுக்குப் பொருந்துவது மத்திய அரசின் கேந்திரிய சைனிக் போர்டு தரும் கல்வி உதவி, ஹவில்தார் வரையான ரேங்குக்கு, இரண்டு பிள்ளைகள் வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை, முடித்துப் பாஸான வருடத்துக்குத் தருவார்கள். மாதம் 1,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பர் 1 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு 2,000 ஆக்கிவிட்டார்கள். அண்ணியின் விதவை அடையாள அட்டை தாமதமாக வந்ததால் எங்கள் விண்ணப்பம் நவம்பரில்தான் போனது. இந்த முழுக் கேஸிலும் தாமதம் லாபமாக முடிந்த ஒரே இடம் இதுதான், அதுவும் தற்செயலாக. அதே நாளிலிருந்து மகள் கல்யாண உதவி 50,000-இலிருந்து 1 லட்சமாகவும், பென்ஷனே இல்லாத 65 தாண்டிய முதியவர்களுக்கான மாத உதவி 4,000-இலிருந்து 8,000-மாகவும் ஏறியிருக்கிறது. கல்யாண உதவிக்கு கல்யாணம் முடிந்து 180 நாளுக்குள் போட வேண்டும், மண்டபக் கணக்கு முடித்துப் போட்டோ ஆல்பம் வருவதற்குள் அந்த நாள் ஓடிவிடும். ஒரே காரணத்துக்கு மாநில அரசிடமும் வாங்கி இங்கேயும் வாங்க முடியாது, அதற்குச் சான்று கேட்பார்கள்.

ஆகஸ்டில் முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டம் தொடங்கிய செய்தியைப் பார்த்துவிட்டுப் பையன் ஓடி வந்தான். தொழில் தொடங்க 1 கோடி வரை கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், வட்டியில் 3 சதவீதம் மானியம். நல்ல திட்டம்தான், 38 வயதில் வெளியே வந்து ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருவதற்குப் பதில் ஒரு கடையோ பட்டறையோ வைக்கலாம் என்பவர்களுக்குக் கட்டாயம் சொல்வேன். அம்மா பெயரில் போட்டு டெம்போ வாங்கலாமா என்று கேட்டான். தொழில் தெரிந்த பிறகு கடன் வாங்கு, கடன் வாங்கிவிட்டுத் தொழில் கற்காதே, மானியம் போக மீதி கடன்தான்டா, முதலில் ஒரு வருடம் டெம்போ வைத்திருப்பவனிடம் வேலைக்குப் போ என்றேன். என் மேல் கொஞ்சம் வருத்தம் அவனுக்கு.

இப்போதைக்குப் பாக்கி இருப்பது மூன்று. குரூப் இன்ஷூரன்ஸ் பணம் டெல்லியில் பரிசீலனையில் இருக்கிறதாம். கல்வி உதவி விண்ணப்பத்தில் மார்க் ஷீட் தெளிவாக இல்லை என்று திருப்பியிருக்கிறார்கள், மறுபடி ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். இ.சி.எச்.எஸ். அட்டைக்கு அண்ணியின் கைரேகை பதியவில்லை, பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கட்டைவிரல் ரேகை மழுங்கிப்போயிருக்கிறது, வேறு விரலில் முயற்சி செய்ய வரச் சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நானும் அண்ணியும் போகிறோம்.